பெட்டி கிராணி கொடுத்த அனுமதி

எலிசபெத் என்பது ஞானஸ்நானப் பெயர். வீட்டில் பெட்டி என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதை வைத்துத் தோட்டத்தில் யாரும் கேலி செய்ததில்லை. கேலிக்கு இடமே இல்லாதபடி அவர் பெயருக்கேற்ற ஆளாகவே இருந்தார். பெட்டியிடம் ஒன்றைச் சொன்னால் அது உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். சாவி யாரிடமும் கிடையாது.

மலாய் நாட்டு மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவில் இருக்கும் தோட்ட ஆபீசில் அவருக்கு வேலை. ஆபீஸ் கடிதங்களில் அவருடைய பதவி ‘நிர்வாக உதவியாளர்’. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து அந்த நாற்காலியில் உட்காருகிற குமாஸ்தாவுக்குப் பெயர் கிராணிதான். ஆகவே அவரும் கிராணியம்மா.

இப்போதெல்லாம் எந்த அரசாங்கக் காரியமும் இன்டர்நெட்டில்தான் தொடங்குகிறது. பெரியாஸ்பத்திரியில் நாள் குறிக்கவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், குடியுரிமை கேட்கவும், உதவித்தொகைக்கும் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரிடமும் போன் இருந்தது. ஆனால் மலைச்சரிவில் சிக்னல் வருவதும் போவதும் மூடுபனி மாதிரி. அதனால் வேலை முடிந்ததும் ஆபீஸ் வாசலில் குடைகள் சேரும். பெட்டி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்புவார்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. படிக்காமல் எதையும் அமுக்கக் கூடாது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுவார். “வெளங்குச்சா?” என்று கேட்பார். “வெளங்குச்சு” என்று வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் போதாது. வெளியே மழையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

“கோயில்ல அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொன்னா ஐயர் டக்குனு முடிச்சு விட்டுர்றாரு. இந்தம்மாகிட்ட வந்தா பரீட்சை எழுதணும்” என்பார் தேயிலைச் செடிகளை மட்டம் வெட்டும் ராமசாமி.

எந்தக் குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இல்லை, எந்த வீட்டில் விவாகரத்து மனு போயிருக்கிறது, யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரியும். தன் கணவர் சூசைமுத்துவிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சூசைமுத்து தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் கூட்டாளிகள் சுற்றிக்கொள்வார்கள். “உங்க வீட்டம்மாவுக்குத் தெரியாததா லா, சொல்லுங்க” என்பார்கள். அவர் எல்லாம் தெரிந்து வாயைக் கட்டிக்கொண்டவர்போலப் புன்னகைத்துவிட்டு நுரை பொங்கும் தே தாரிக் டீயை ஆற்றுவார். உண்மையில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

பெட்டி மளிகைக் கடைக்குள் நுழைந்தால் அங்கே பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். யாராவது வெங்காயத்தின் விலையைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். எல்லாம் தெரிந்திருந்தும் பதிலுக்கு ஒன்றும் சொல்லாத ஆளிடம் யார்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்? பெட்டி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

பெட்டிக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் அரசாங்கத் தளங்களில் இருக்கிற மலாய் சந்தை மலாய் இல்லை. அதைத் தமிழில் சொல்லி விளக்குவதற்குள் தொண்டை வறண்டுபோகும். ஒருநாள் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, திரையில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் தமிழில் காட்டும் ஒரு சின்னக் கருவி கண்ணில் பட்டது. இன்டர்நெட் பார்க்கும் பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற இந்த மாதிரிக் கருவிகளுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். இலவசம். மூலையில் ஒரு மயில் படம். பெட்டி சேர்த்துக்கொண்டார்.

மயில் நன்றாகவே உழைத்தது. சில சமயம் அதன் தமிழ்தான் காலை வாரிவிடும். பெருவிரல் ரேகையை மலாயில் ‘சாப் இபு ஜாரி’ என்பார்கள். இபு என்றால் அம்மா. மயில் அதை ‘தாயின் விரல் முத்திரை’ என்று காட்டியது.

“எங்கம்மா செத்து எத்தனையோ வருஷமாச்சே கிராணியம்மா” என்றார் ராமசாமி, முகம் வாடி. பெட்டி சிரிக்கவில்லை. அவர் பெருவிரலைப் பிடித்துக் காட்டி விளக்கினார்.

சில மாதங்கள் கழித்து, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மயில் வேலைநிறுத்தம் செய்தது. தொட்டால் தமிழ் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டம் வந்து நின்றது. கருவி புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால் புதிய அனுமதி தேவை என்றது. கீழே நீல நிறப் பொத்தான். அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற சீதா. மூட்டு ஆபரேஷனுக்கு நாள் கேட்க வந்திருந்தார். வாசலில் நாலைந்து குடைகள் காத்திருந்தன. பெட்டி நீலத்தை அமுக்கினார். மயில் மறுபடி ஆடத் தொடங்கியது.

அடுத்த மழைக்காலத்துக்குள் போன்கள் வர ஆரம்பித்தன.

முதலில் ராமசாமிக்கு. மலாயில் ஒருவன், குடியுரிமை மனு நடுவில் சிக்கி நிற்கிறது, போனில் ஒரு எண் வரும், அதைச் சொன்னால் விடுவித்துவிடலாம் என்றான். ராமசாமியின் பிறந்த ஊர், அப்பா பெயர், மனு போட்ட மாதம் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ராமசாமி நம்பிவிட்டார். ஆனால் மூக்குக்கண்ணாடி கையில் இல்லை. எண்ணைத் தப்புத் தப்பாக வாசித்து வாசித்து, கடைசியில் அந்த ஆளே அலுத்துப்போய்த் திட்டிவிட்டு வைத்துவிட்டான்.

சீதாவுக்கு ஒரு பெண் பேசினாள். நல்ல தமிழ். மூட்டு ஆபரேஷன் பற்றி விசாரித்தாள். சீதாவின் மகன் கிள்ளானில் இருக்கிறான், தீபாவளிக்குத்தான் கூப்பிடுவான். யாரோ தன் முழங்காலைப் பற்றிக் கேட்கிறார்களே என்று சீதா மனம் நிறைந்து, முழங்காலில் ஆரம்பித்து மருமகள் வரைக்கும் சொன்னார். அந்தப் பெண் பேங்க் விஷயத்துக்கு வர எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. அவளாகவே தொடர்பைத் துண்டித்தாள். சீதா அடுத்த நாளும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இப்படி ஒவ்வொரு வீட்டிலும் சிரிக்கிற மாதிரி ஏதோ ஒன்று நடந்தது, சுபத்ராவின் வீட்டைத் தவிர.

சுபத்ரா, சுற்றுலாப் பயணிகளுக்குத் தேயிலை விற்கும் தோட்டக் கடையில் வேலை செய்தாள். கணவன் விஜயன் தோட்ட லோரி ஓட்டுகிறவன். அவள் ஈப்போவில் தாதியர் உதவியாளர் படிப்புக்கு மனு போட்டிருந்தாள். படிப்பு என்றால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். இடம் கிடைத்த பிறகு வீட்டில் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்கு மட்டும் தெரியும். அவசரத்துக்குக் கூப்பிட வீட்டு ஆள் ஒருவரின் எண் வேண்டும் என்று மனுவில் இருந்தது. விஜயன் மலையேறும்போது போனை எடுக்க மாட்டான் என்பதால் மாமியார் ஜெயாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

போன் ஜெயாவுக்கு வந்தது. மருமகளுக்கு ஹாஸ்டலில் அறை ஒதுக்கியாகிவிட்டது, பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். ஜெயா கட்டணம் எதுவும் கட்டவில்லை. முன்வாசலில் உட்கார்ந்து, வேலை முடிந்து வந்த சுபத்ராவிடம் லயம் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

“ஹாஸ்டலுக்குப் போறவ எதுக்குடி தாலி கட்டிக்கிட்டே? எம் மகனுக்குத் தெரியாம பெட்டிகிட்டப் போய்ப் பேசுவியா?”

விஜயன் பல நாட்கள் அவளோடு பேசவில்லை. படிப்பதில் அவனுக்கு வருத்தமில்லை. ஊருக்குத் தெரிந்த பிறகு தனக்குத் தெரிந்ததுதான் அவனை அறுத்தது.

மனு போட்டவர்களுக்கெல்லாம் போன். மனு போட்ட இடம் ஆபீஸ். ஆபீசில் இருப்பது பெட்டி. லயத்துக்கு இதற்கு மேல் கணக்குப் போடத் தேவையிருக்கவில்லை. காப்பிக்கடையில் சூசைமுத்துவை இப்போது வேறு மாதிரிப் பார்த்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து, “என்னமா, யாருகிட்டயாச்சும் ஏதாச்சும் சொன்னியா?” என்று கேட்டார். குரலில் கோபமில்லை, கொஞ்சம் பொறாமை இருந்தது. தனக்குச் சொல்லாததை வேறு யாருக்கோ சொல்லிவிட்டாள் என்ற வருத்தம்.

பெட்டி பிரிஞ்சாங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தங்கை மகன் லூயிஸை வரவழைத்தார். அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு மூலையிலிருந்த மயிலைக் காட்டினான்.

“இது என்ன பெரியம்மா?”

“தமிழ்ல காட்டுற எக்ஸ்டென்ஷன்.”

“யாரு போட்டா?”

“நான்தான்.”

லூயிஸ் எதையோ திறந்தான். “இத மொதல்ல செஞ்சவன் வேற ஆளுகிட்ட வித்துட்டான் போல. வாங்குன ஆளு புதுசா அனுமதி கேட்டிருக்கான். மொதல்ல நீங்க தொடுற வார்த்தைய மட்டும்தான் அது பாக்கும். இப்ப நீங்க தொறக்குற எல்லாத்தையும் பாக்குது. நீங்க தட்டுன அடையாளக் கார்டு ஐசி நம்பர், போன் நம்பர், எல்லாம். நூத்துக்கு நூறு இதுதான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா எனக்கு வேற வழி ஒண்ணும் தெரியல.”

“திருட்டுப் பசங்க” என்றார் பெட்டி.

“திருடல பெரியம்மா. கேட்டிருக்கான். நீங்க குடுத்திருக்கீங்க.”

“நான் எப்பக் குடுத்தேன்?”

லூயிஸ் அந்த வரியைத் திரையில் கொண்டுவந்தான். பெட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற அதே குரலில் வாசித்தார். நீங்கள் செல்லும் எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் எல்லாத் தகவல்களையும் படிக்கவும் மாற்றவும் முடியும். அந்த வரி பொடி எழுத்தில் இல்லை. வக்கீல் பாஷையிலும் இல்லை. லயத்தில் யாருக்கு வாசித்துக் காட்டியிருந்தாலும் விளங்கியிருக்கும்.

“நான் பொத்தானத்தான் பாத்தேன்” என்றார் பெட்டி.

மயிலை அகற்றினார்கள். கடவுச்சொற்களையெல்லாம் மாற்றினார்கள். பெட்டி போலீசில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்தார். போனது போனதுதான் என்று லூயிஸ் சொல்லிவிட்டான். பெட்டி அன்றிரவு சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார்.

முதல் வீடு ராமசாமியுடையது. பெட்டி உட்காராமலே சொன்னார். “நான் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன். அது வழியா எல்லாம் வெளிய போயிடுச்சு.”

ராமசாமி யோசித்தார். லயத்தில் எக்ஸ்டென்ஷன் என்றால் வீட்டின் பின்பக்கம் தகரம் போட்டு இழுத்துக் கட்டிய சமையலறை.

“நாங்கூடப் பின்னால போட்டிருக்கேன் கிராணியம்மா. அதுல பூனை வரும். விஷயம் எப்படிப் போவும்?”

“கம்ப்யூட்டருக்குள்ள போடுறது. நான்தான் அனுமதி குடுத்தேன். படிக்காமக் குடுத்துட்டேன்.”

“நீங்களா? படிக்காமலா?” ராமசாமி சிரித்தார். “உடுங்க. யாருகிட்டயோ வாய் தவறிச் சொல்லிட்டீங்க. அதுக்கென்ன லா? எத்தனை வருசம்தான் ஒரு மனுசி எல்லாத்தையும் வயித்துல வச்சுக்கிட்டு இருக்கிறது? உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க.”

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிறார், பாவம், ஒத்துக்கொள்ள வெட்கம் என்று பார்த்தார்கள். பெட்டி விளக்க விளக்க அவர்களுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. ஆனால் யாருக்கும் கோபம் வரவில்லை. வாய் தவறுவது அவர்களுக்குத் தெரிந்த குற்றம். ஒவ்வொருவரும் செய்திருக்கிறார்கள், அதற்கு மன்னிப்பும் கையிருப்பில் இருந்தது. நீலப் பொத்தானை அமுக்குவது ஒரு குற்றம் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. அதை அவர்கள் தினமும் செய்கிறார்கள்.

சீதா கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்னதால்தான அந்தப் பொண்ணு கூப்புட்டுச்சு? நல்ல பொண்ணு. மறுபடி பேசுனா என் நம்பர் மாறலன்னு சொல்லுங்க.”

வீடு திரும்பும் வழியில் காவல்காரர் ராமையா மறித்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“எல்லாருக்கும் போன் வந்துச்சாம். எனக்கு வரல.”

“உங்க காரியம் அந்தக் கருவி வர்றதுக்கு முன்னாலயே முடிஞ்சிருச்சு. நல்லதாப் போச்சுன்னு நெனைங்க.”

“நானும் உங்ககிட்டதான வந்தேன்? எங்க வீட்டு விசயம் மட்டும் சொல்ற அளவுக்கு லாயக்கு இல்லாமப் போச்சா?”

பெட்டி அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

சுபத்ராவிடம் கடைசியாகப் போனார். கோலாலம்பூரிலிருந்து வந்த பஸ் கூட்டம் கிளம்பிப் போய், கடை காலியாக இருந்தது. சுபத்ரா தேயிலைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். பெட்டி முடித்த பிறகு ஒன்று கேட்டாள்.

“என்ன அனுமதின்னு அதுல எழுதியிருந்துச்சா ஆன்ட்டி?”

“எழுதியிருந்துச்சு.”

“எந்த மொழியில?”

“தமிழ்ல.”

சுபத்ரா அடுக்குவதை நிறுத்தினாள். அந்த லயத்தில் பெட்டியை நம்பியது அவள் ஒருத்திதான்.

“நீங்க யாருகிட்டயாவது சொல்லியிருந்தா, போனாப் போவுதுன்னு விட்டிருப்பேன். மனசு கேக்காமச் சொல்லிட்டாங்கன்னு நெனச்சிருப்பேன். எங்கள ஒவ்வொரு வரியா வாசிக்க வச்சீங்க. ‘வெளங்குச்சு’ன்னு சொல்ல வச்சீங்க. எங்களப் பத்தின எல்லாத்தையும் தூக்கிக் குடுக்கிறப்ப மட்டும் ஒரு வரி வாசிக்க உங்களுக்கு நேரமில்ல.”

“தப்புதான்மா.”

“தப்புன்னு எனக்கும் தெரியும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடைக்குள் வந்தார்கள். சுபத்ரா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பெட்டி படியிறங்கிச் சரிவில் நடந்தார். கண்ணீர் வந்ததா, தூறலா என்று எதிரே வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஈப்போவிலிருந்து உண்மையான அழைப்பு வந்தபோது சுபத்ரா அதை மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. விஜயனே லோரியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான். ஜெயா மருமகளுக்கு ஊறுகாய் கட்டிக்கொடுத்துவிட்டு, லோரி வளைவில் திரும்பும்வரை திட்டிக்கொண்டே நின்றார்.

பெட்டிக்கும் லயத்தில் இடம் மாறிவிட்டது. மளிகைக் கடைக்குள் அவர் நுழைந்தால் இப்போது பேச்சு நிற்பதில்லை. “வாங்க கிராணியம்மா, இதக் கேட்டீங்களா?” என்று இழுத்து உட்கார வைக்கிறார்கள். அவரும் தங்களைப்போல வாய் நிற்காத மனுஷிதான் என்று தெரிந்த பிறகு அவர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் யார் ரகசியத்தையும் வெளியே விடாமல் காத்ததற்குக் கிடைக்காத பிரியம், செய்யாத ஒரு குற்றத்துக்குக் கிடைத்தது. பெட்டி முதலில் மறுத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கடையில் உட்காருவது அவருக்கும் பிடிக்கத்தான் செய்தது. சூசைமுத்துகூட, “இன்னிக்கு என்ன சேதி?” என்று வாசலிலேயே காத்திருக்கிறார்.

நடந்ததெல்லாம் தோட்ட மேனேஜர் யோகேந்திரன் காதுக்கும் போனது. துரை என்று கூப்பிட்டால் கூச்சப்படுகிற இளைஞர். ‘பாதுகாப்பை மேம்படுத்த’ அவர் ஒரு ஏற்பாடு செய்தார். இனி பெயர் கூப்பிட்டு வருகை பதிவது கிடையாது. ஒவ்வொருவர் போனிலும் ஒரு செயலி. முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகிவிடும். அது போனின் கேமராவையும், ஆள் எங்கே இருக்கிறார் என்பதையும், போனில் இருக்கும் பெயர்களையும் கேட்டது.

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில், பனி விலகாத நேரத்தில், எல்லோரும் போனும் கையுமாக நின்றார்கள். பெட்டி முன்னால் போய் நின்று வாசிக்க ஆரம்பித்தார். முதலில் தமிழில் விளக்கினார். தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசப் பையன்களுக்காக மலாயில் இன்னொரு முறை.

“நீங்க எங்க நிக்கிறீங்கன்னு இது எப்பவும் பாக்கும். வேலை முடிஞ்ச பின்னாலயும் பாக்கும்னு போட்டிருக்கு. உங்க போன்ல இருக்கிற மத்தவங்க நம்பரையும் எடுத்துக்கும். அது எதுக்குன்னு போடல. வெளங்குச்சா?”

“வெளங்குச்சு” என்றார்கள் எல்லோரும், நல்ல பிள்ளைகளாக.

“இஷ்டமில்லாதவங்க அமுக்க வேணாம். நான் துரைகிட்டப் பேசுறேன்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் ராமசாமி அமுக்கியிருந்தார். சீதாவுக்குப் பிரட்டில் வேலையே இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர், தன் போனிலும் போட்டுத் தரும்படி பக்கத்தில் நின்ற பையனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ராமசாமி, நான் இப்ப வாசிச்சது காதுல விழுந்துச்சா?” என்றார் பெட்டி.

“விழுந்துச்சு கிராணியம்மா. அதான் நீங்க படிச்சிட்டீங்களே, அப்புறம் என்ன?”

யோகேந்திரன் ஆபீஸ் படியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கூட்டம் கூடைகளையும் வெட்டும் மெஷின்களையும் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கியது. ராமையா மட்டும் கொஞ்சம் பின்தங்கி, போனை முகத்துக்கு நேரே நீட்டி, இதிலாவது தன்னை யாராவது கூப்பிடுவார்களா என்று பெட்டியிடம் கேட்டார்.

“கூப்புடுவாங்க” என்றார் பெட்டி.

ராமையா திருப்தியாகப் போனார்.